ஊத்துமலைக்கு விலை

1978ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பாத்திர மூட்டையுமாகப் பஞ்சாலை லாரியிலிருந்து இறங்கினாள். இறங்கிய இடம் மலேசியாவில் மந்தின் டவுனுக்கு ஏழு கல் தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டம். ஏட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. தமிழர்கள் எல்லாருக்கும் அது ஏழாங்கட்டைத் தோட்டம்தான். அவளுக்கு அப்போது முப்பது வயது. பிள்ளை இல்லை. புருஷன் ஆறுமுகம் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதுவரை அவர்கள் கெமாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மலை, மலை நிறையக் காடு, காட்டிலிருந்து ஓர் ஓடை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். செம்பனை போடலாம் என்று 1976இல் மலைக்காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகு மழை பெய்தால் ஓடை செம்மண் குழம்பாக வந்தது. நாலு நாள் வெயில் அடித்தால் வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்தது. தோட்டத்து டிராக்டரை ஓட்டியவன் ஆறுமுகம். அவன் பின்வண்டியில் பத்து டிரம்களை ஏற்றிக்கொண்டு நாலு கல் தொலைவு போய், காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையுமாகத் தண்ணீர் கொண்டுவந்தான். பதினான்கு மாதம் இப்படி ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை நடை திரும்பும்போது, சறுக்கலில் பின்வண்டி வழுக்கி டிராக்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. பஞ்சாலை ஓடிப் போய்ப் பார்த்தபோது, பத்து டிரம் தண்ணீரும் அவன்மேல் கொட்டி, மண் பூராவும் சேறாகிக் கிடந்தது.

இரண்டு தோட்டத்துக்கும் முதலாளி ஒருவரே. சிரம்பானில் கடை வைத்திருந்த நாச்சியப்பச் செட்டியார். சாவு வீட்டுக்கு வந்தவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. ஆண்கள் பார்த்த வேலை அது. தோட்டத்தில் யாரும் வாய்விட்டு எதிர்க்கவில்லை.

இந்தத் தோட்டத்துக்குப் பின்னாலும் ஒரு மலை இருந்தது. சரிவு அதிகம் என்று அதன் இருநூறு ஏக்கர் காட்டை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். ஜனங்கள் அதை ஊத்துமலை என்றார்கள். மேலே பாறைகளுக்கு நடுவில் ஓடையை மறித்து, இடுப்பளவு உயரத்தில் சின்னதாக ஒரு சிமெண்டுக் கட்டு. அங்கிருந்து இரும்புக் குழாய் கீழே இறங்கித் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து அறுபத்து நாலு வீட்டுக்கும் எட்டுக் குழாயில் தண்ணீர். காசு கிடையாது. பஞ்சாலை விடியற்காலையில் மலை ஏறிக் கட்டுக்குப் போவாள். சல்லடையில் சேர்ந்த இலைதழைகளை அள்ளிப் போடுவாள். கையோடு கொண்டுபோன கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் போச்சு. மேலே மண் சரிந்ததா, எங்கேயாவது மரம் விழுந்ததா என்று ஓடையோரமாகவே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா அவளைக் கேலி செய்வாள். "கெணத்துல போட்ட காசைத் தேடற மாதிரி தண்ணிய பாக்குறியே அக்கா. தண்ணி எங்க லா போவப் போவுது?"

"போவும்" என்பாள் பஞ்சாலை.

பதினைந்து வருஷம் இப்படியே போனது.

1993ஆம் ஆண்டு மே மாதம் ஒரு காலையில், கட்டுக்குப் போகும் பாதையோரம் ஒரு மெரந்தி மரத்தில் சிவப்புச் சாயக் கோடு இருப்பதைப் பார்த்தாள். பத்தடி தள்ளி இன்னொரு மரத்திலும் கோடு. எண்ணிக்கொண்டே ஏறினாள். கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. அன்றைக்குப் போத்தலில் தண்ணீர் பிடிக்கவே மறந்து, இறங்கும்போது கோடுகளை இன்னொரு தடவை எண்ணினாள்.

செட்டியார் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகன் சோலையப்பன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. மரக் கம்பெனிக்காரன் ஒருவன் ஊத்துமலை மரத்துக்கு நல்ல விலை பேசியிருக்கிறான் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சு அடிபட்டது. ஆனால் உடனே வெட்ட முடியாதாம். மலைக்குக் கீழே மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்து வயல்கள் இருந்தன. இன்னும் கீழே டவுனுக்குக் குடிதண்ணீர் எடுக்கும் இடம் இருந்தது. அதனால் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுக்கிறவர்கள், இந்த மலை நின்றால் யாருக்கு என்ன லாபம், போனால் யாருக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டிருந்தார்கள்.

கணக்குப் பார்க்க வந்தவள் பராசக்தி. சிரம்பானில் லோபாக் பகுதியில் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு வந்தாள். கிராணி அவளை நேராகப் பஞ்சாலையிடம் அனுப்பிவைத்தார். எட்டுக் குழாயையும், எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதையும் அவளைவிடத் தெரிந்தவர் இல்லை.

"அக்கா, வாற சனிக்கிழமை நான் வீடு வீடாப் போகவேணும். நீங்கள் கூட வருவியளோ?" என்று பராசக்தி கேட்டாள்.

"வரேன் டீச்சர். என்னா கேப்பீங்க?"

பராசக்தி காகிதத்தை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினாள். வீட்டில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் என்று ஆரம்பித்து, கடைசிக்கு முந்தின கேள்வி இப்படி இருந்தது: ஊத்துமலைக் காட்டை வெட்டாமல் அப்படியே வைத்திருப்பதற்காக உங்கள் வீட்டிலிருந்து மாதம் எத்தனை வெள்ளி தரச் சம்மதிப்பீர்கள்?

பஞ்சாலை காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "காசு வாங்கப் போறாங்களா டீச்சர்?"

"இல்லை இல்லை. சும்மா ஒரு கேள்விதான். அந்தத் தண்ணிக்கு நீங்கள் என்ன பெறுமதி வைக்கிறியள் எண்டு தெரிஞ்சுகொள்ள."

சும்மா ஒரு கேள்வி என்பதை அவள் நம்பவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜுவிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. வேலைக்காரர்களை அதட்டுவார், ஆனால் சம்பள நாளில் யாருக்காவது குறைந்துவிட்டால் கிராணியிடம் போய்ச் சண்டை பிடிப்பவரும் அவர்தான்.

"ஏமாந்துடாதே பஞ்சாலை" என்றார் தங்கராஜு. "முன்ன நான் இருந்த தோட்டத்துல இப்படித்தான் லா. கரண்ட் வேணுமா, எத்தனை வெளக்கு வேணும்னு வந்து கேட்டான். ஆளுக்கு ரெண்டுன்னு கைதூக்குனோம். அடுத்த மாசமே சம்பளத்துல வெட்டிட்டான். இன்னிக்கி ரெண்டு வெள்ளின்னு சொன்னா நாளைக்கி அஞ்சு. எல்லாரையும் கோசோங்னு சொல்லச் சொல்லு."

கோசோங் என்றால் மலாயில் ஒன்றுமில்லை, கணக்கில் சைபர். பஞ்சாலை அந்த வாரம் முழுக்க எட்டுக் குழாயடியிலும் நின்று அதையே சொன்னாள். "டீச்சர் வந்து எத்தனை வெள்ளின்னு கேப்பாங்க. யாரும் ஒரு காசும் சொல்லாதீங்க. கோசோங்தான். காரணம் கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க." அவள் சொன்னால் லயத்தில் மறுபேச்சு இல்லை. தண்ணீர் விஷயத்தில் அவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. பராசக்தி வீடு வீடாக உட்கார்ந்து கேட்டாள். பஞ்சாலை வாசலில் குடையோடு நின்றாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வி வரும்போது உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வந்தது: "கோசோங் டீச்சர்." "ஏன்?" என்றால், "வேணாம்." பத்தாவது வீட்டில் பராசக்தி நிமிர்ந்து பஞ்சாலையைப் பார்த்தாள். இருபதாவது வீட்டுக்குப் பிறகு ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். பிற்பகலுக்குள் முப்பத்தொரு வீடு முடிந்தது. முப்பத்தொன்றும் கோசோங்.

களைத்துப்போய் அவர்கள் ஆபீசு வாசலுக்கு வந்தபோது சோலையப்பனின் கார் நின்றிருந்தது. அவன் பராசக்திக்கு நாற்காலி போடச் சொல்லி, குளிர்பானம் கொடுத்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டான். ஆட்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று பராசக்தி தயங்கினாள். பெயர் வேண்டாம், பொதுவாகச் சொன்னால் போதும் என்றான்.

"இதுவரைக்கும் கேட்ட வீடுகளிலை ஒருத்தரும் காசு தரச் சம்மதிக்கேல்லை."

சோலையப்பன் சிரித்தான். நல்ல சேதி கேட்டவன் சிரிப்பு அது. "பாத்தீங்களா டீச்சர். எங்க ஆளுங்களுக்கே அந்த மலை வேணாம். அப்புறம் யாருக்காக நான் அதை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும்? இதைத்தான் நான் லேண்ட் ஆபீசுல அப்பவே சொன்னேன்."

பஞ்சாலை மடக்கிய குடையைப் பிடித்தபடி தூணோரம் நின்றாள். 'எங்க ஆளுங்களுக்கே அந்த மலை வேணாம்.' காசு பிடிப்பார்கள் என்று பயந்து அவள் சொல்லிக் கொடுத்த ஒரு சொல்லை, இந்த மனுஷன் மலைக்கு மேல் கோடாலி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறான். யார் கையில் கொடுத்தது? அவள்தான்.

பராசக்தி பஸ்ஸுக்குப் போகும்போது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வரும்படி வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். பஞ்சாலை அதைச் சேலை முனையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலக் கட்டுக்குப் போய் வந்ததும், நல்ல சேலையை உடுத்திக்கொண்டு பஸ் பிடித்தாள். பராசக்தி முந்தின நாள் கொடுத்த துண்டுக் காகிதத்தில் லோபாக் விலாசம் இருந்தது. சிரம்பானில் இறங்கி, இரண்டு கடைக்காரரிடம் காட்டிக் கேட்டு, மூன்றாவது சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். வழியெல்லாம், என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு திறந்ததும் அத்தனையும் மறந்துபோய்விட்டது.

"டீச்சர், நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் வாசலிலேயே. "எல்லாரையும் கோசோங் சொல்லச் சொன்னது நான்தான்."

பராசக்தி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பஞ்சாலை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மண்டோர் சொன்னது, குழாயடியில் சொன்னது, சோலையப்பன் சிரித்தது.

"அந்தக் கோசோங்க அழிச்சிட்டு வேற எழுதிடுங்க டீச்சர். வீட்டுக்கு ஒரு வெள்ளின்னு போட்டுடுங்க. நான் பொறுப்பு."

"ஏலாது அக்கா." பராசக்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எழுதினதை அழிச்சா முழுக் கணக்கும் பொய்யாப் போடும். பிறகு கம்பத்திலை கேட்டது, டவுனிலை கேட்டது ஒண்டையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"அப்போ எங்களுக்குத் தண்ணி வேணாம்னே எழுதிடுவாங்களா?"

"காசு குடுக்கிற அளவுக்கு அந்தக் காட்டுக்குப் பெறுமதி இல்லை எண்டு எழுதுவினம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பிழை உங்களிலை மட்டும் இல்லை" என்றாள். "கடைசிக் கேள்வி ஒண்டு இருக்கு. சைபர் சொல்லுறவையிட்ட ஏன் எண்டு கட்டாயம் கேக்கவேணும். தர வசதி இல்லையோ, தண்ணிக்குக் காசு கேக்கிறதே அநியாயம் எண்டு நினைக்கினமோ, இல்லாட்டி உண்மையாவே காடு தேவையில்லையோ எண்டு. வேணாம் வேணாம் எண்டு கேட்டுக் களைச்சுப்போய், கடைசியிலை கேக்காமலே எல்லாருக்கும் 'தேவையில்லை' எண்ட கட்டத்திலை அடையாளம் போட்டிட்டன். அது என்ரை பிழை. திரும்பப் போய் அந்தக் கேள்வியைக் கேக்க எனக்கு உரிமை இருக்கு."

"பயந்துதான் சொன்னோம்னு சொன்னா?"

"பயம் எண்டு ஒரு கட்டம் அதிலை இல்லை. 'வேறு காரணம்' எண்டு இருக்கு. அதிலை எழுதுவன்."

பிறகு பராசக்தி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத தோட்டத்தில் யாராவது இருந்திருக்கிறார்களா, அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டாள். தண்ணீரை வேறு இடத்திலிருந்து கொண்டுவர என்ன செலவாகும் என்பதும் கணக்கில் வருமாம். பஞ்சாலை சொன்னாள். நாளைக்கு இரண்டு நடை. ஒரு நடைக்குப் பத்து டிரம். போக நாலு கல், வர நாலு கல். ஒரு நாள் டீசல் இவ்வளவு. மூன்று தடவை டயர் மாற்றியது. பதினான்கு மாதம். பராசக்தி நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள். ஒருவர் இத்தனையும் எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும் என்று கடைசியில் கேட்டாள்.

"ஓட்டுனது என் வீட்டுக்காரரு. அந்த வண்டி கவுந்துதான் செத்தாரு."

பராசக்தியின் பேனா நின்றது.

"அவர எந்தக் கட்டத்துல எழுதுவீங்க டீச்சர்?"

பராசக்தி நோட்டை மூடிவைத்துவிட்டு வந்து பஞ்சாலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பராசக்தி மறுபடி வருவதாக ஏற்பாடு. அதற்குள் லயத்து ஜனங்களிடம் பஞ்சாலை பேசியாக வேண்டும். அதுதான் அவளை வாட்டியது. திங்களும் போனது, செவ்வாயும் போனது. குழாயடிக்குப் போவாள், நாலு பேர் சேர்ந்ததும் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிவிடுவாள். காசு பிடிக்க மாட்டார்கள் என்று அவளால் எப்படி உறுதி சொல்ல முடியும்? அவளுக்கே அது தெரியாது. நாளைக்குப் பிடித்தால் அறுபத்து நாலு வீடும் அவளைத்தான் ஏசும். சொல்லாமல் விட்டாலோ, கெமாஸில் பார்த்ததை இங்கேயும் பார்க்க வேண்டும். புதன்கிழமை கட்டுக்குப் போனபோது போத்தலை நழுவவிட்டு உடைத்தாள்.

வியாழக்கிழமை தங்கராஜுவே அவளைத் தேடி வந்தார். "லோபாக்குக்குப் போனியாமே. சின்ன முதலாளி காதுக்குப் போயிடுச்சி. உனக்கு இந்த வேலை எப்படி வந்துச்சின்னு தெரியும்தானே? பெரியவரு குடுத்தது. மகனுக்கு அந்தக் கடமையெல்லாம் இல்ல. வேலை போனா வூடும் போவும். நெனச்சிப் பாத்துக்க."

"நீங்க சொல்லித்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன் மண்டோரே."

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும். நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். அதை வெச்சி அவரு மலைய விக்கிறாரு."

தங்கராஜு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் குளித்துத் தண்ணீர் பிடிக்கும் நேரம், பஞ்சாலை ஒரு காரியம் செய்தாள். தொட்டியின் வால்வை மூடினாள். எட்டுக் குழாயும் நின்றன. ஐந்து நிமிஷத்தில் வாளியும் குடமுமாக ஜனங்கள் தொட்டியடியில் கூடிவிட்டார்கள். என்ன ஆச்சு, கட்டு உடைந்துவிட்டதா, குழாய் வெடித்துவிட்டதா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தவர்களும் இருந்தார்கள்.

"ஒண்ணும் ஆவல. நான்தான் அடைச்சேன். பத்து நிமிஷம் கேளுங்க, தொறந்துவுடுறேன்." கெமாஸ் கதை லயத்தில் எல்லாருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அன்றைக்கு அவள் முழுவதும் சொன்னாள். சோலையப்பன் சொன்னதையும் சொன்னாள். "கோசோங் சொல்லுங்கன்னு நான் சொன்னது தப்பு. நாளைக்கி டீச்சர் வராங்க. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க. என்னா சொல்லணும்னு இந்தத் தடவை நான் சொல்லித் தர மாட்டேன்."

"அப்போ காசு புடிப்பானா மாட்டானா? அதைச் சொல்லு" என்று ராமசாமி கேட்டார். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர், வீட்டில் ஆறு பேர்.

"தெரியல அண்ணே."

"தெரியலன்னா எப்படி? நீதானே வூடு வூடா வந்து சொன்னே?"

"ஆமாண்ணே. தெரியாமத்தான் சொன்னேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி வாளியை நங்கென்று தரையில் வைத்தாள். மாரியம்மாதான் குரல் கொடுத்தாள். "வால்வ தொற அக்கா. பத்து நிமிஷத்துக்கே எம் புள்ளைங்க கத்துது. எனக்குப் புரிஞ்சிடுச்சி."

மறுநாள் பராசக்தி வந்தாள். தன் மேலதிகாரியிடம் வாதாடிக் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். காசாகத் தர முடியாதவர்கள் மாதத்தில் எத்தனை நாள் உழைப்பாகத் தருவார்கள் என்பது அந்தக் கேள்வி. பழைய முப்பத்தொரு காகிதத்தில் இருந்த சைபர் சைபராகவே இருந்தது; பக்கத்தில் காரணம் மட்டும் மாறியது. 'சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம்' என்று இருபத்தாறு தடவை எழுதினாள். மிச்ச முப்பத்து மூன்று வீட்டில் சிலர் ஐம்பது காசு என்றார்கள், சிலர் இரண்டு வெள்ளி என்றார்கள். மாரியம்மா மாதம் இரண்டு நாள் கட்டுக்குப் போய் மண் அள்ளித் தருவதாகச் சொன்னாள். ராமசாமி, "நான் கோசோங்னுதான் சொல்வேன். தண்ணி மலை குடுக்குது, முதலாளியா குடுக்குறான்? எதுக்கு நான் காசு தரணும்? அப்படியே எழுதிக்கம்மா" என்றார். பராசக்தி சொல் மாறாமல் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தார்கள். லயம் முழுவதும் சேர்ந்து மாதத்துக்கு முப்பத்தெட்டு வெள்ளி சொச்சம். பஞ்சாலைக்கு முகம் செத்துவிட்டது. ஒரு லாரி மரத்துக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும்.

"இதுவா எங்க கணக்கு?"

"இது ஒரு வரிதான் அக்கா. கம்பத்து வயல் இருக்கு, டவுன் தண்ணி இருக்கு, தண்ணி ஏத்தி இறக்கிற செலவு இருக்கு. இல்லாதவன் சொல்லுற காசை வைச்சு மட்டும் தண்ணியின்ரை பெறுமதியைச் சொல்லேலாது எண்டும் எழுதுவன்." அவளும் அதைப் பெரிய நம்பிக்கையோடு சொல்லவில்லை.

அதன் பிறகு பத்து மாதம் ஒரு சேதியும் இல்லை. அந்தப் பத்து மாதத்தில்தான் பஞ்சாலையின் தலை நரைத்தது என்று மாரியம்மா சொல்வாள். தோட்டத்துச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் வெளியே வந்து பார்ப்பாள். உரம் ஏற்றிய லாரியாக இருக்கும். சிவப்புக் கோடுகளை நாள்தோறும் எண்ணினாள். மழையில் சாயம் மங்கிய மரங்களைக் கண்டால் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரம் யாரோ வந்து புதுக்கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதற்கு நடுவில் தொட்டி வேலையும் கைவிட்டுப் போனது. வயசான ஆண் ஒருவருக்கு இலகு வேலை வேண்டும் என்று காரணம் சொல்லி, அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். வீட்டை மட்டும் பிடுங்கவில்லை. தங்கராஜு ஆபீசில் போய்ச் சத்தம் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

வேலை மாறினாலும் விடியற்காலையில் மலை ஏறுவதை அவள் விடவில்லை. பெரட்டுக்கு முன்னால் போய் வந்துவிடுவாள். புதுத் தொட்டிக்காரருக்கு அதில் வருத்தமில்லை. முட்டிவலிக்காரர், பாதி நாள் அவள்தான் சல்லடை சுத்தம் செய்தாள்.

1994 ஏப்ரலில் லாரிகள் வந்தன. பஞ்சாலை புல்வெட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் ஓடைப் பக்கம் திரும்பாமல், மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கச் சரிவுக்குப் போயின. மேலிடம் பாதிக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. ஓடை இறங்கும் பக்கத்து நூற்றுப் பத்து ஏக்கரை வெட்டக் கூடாது. மறுபக்கத்துத் தொண்ணூறு ஏக்கரை வெட்டிக்கொள்ளலாம். மூன்று மாதம் அந்தப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. குரங்குக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்து, லயத்து வாழைத் தார்களைப் பிய்த்தெறிந்தன. ஓடைத் தண்ணீர் ஒரு மழைக்காலம் கொஞ்சம் கலங்கி வந்து, பிறகு தெளிந்தது.

யார் சொல் எடுபட்டது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. மாரியம்மாவின் மகளை வைத்துப் பராசக்திக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். பதில் வந்தது. ஆற்றில் மண் சேர்ந்தால் டவுன் தண்ணீரைச் சுத்தம் செய்யச் செலவு இரட்டிப்பாகும் என்று பொறியாளர்கள் சொன்னதுதான் பெரிய காரணமாக இருக்க வேண்டும். தோட்டத்து மக்கள் சொன்னது அறிக்கையில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது, அதை யாரும் படித்தார்களா என்று தனக்குத் தெரியாது என்று பராசக்தி ஒளிக்காமல் எழுதியிருந்தாள். ஆறுமுகத்தின் சாவை ஓர் அடிக்குறிப்பில் சேர்த்ததாகவும், அதன் எதிரே தொகை எதுவும் போடவில்லை என்றும் கடைசியில் இருந்தது. அந்த வரியை மட்டும் பஞ்சாலை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

1998இல் மழை பொய்த்தது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பிளாஸ்டிக் டிரம்களோடு வரிசை நின்றது. ஏழாங்கட்டையில் எட்டுக் குழாயில் மூன்றுதான் ஓடின. அவையும் விரல் பருமனுக்குத்தான் ஓடின. ஆனாலும் நிற்கவில்லை. பஞ்சாலை நாளுக்கு இரண்டு தடவை கட்டுக்குப் போனாள். பாறை இடுக்குகளில் கைவைத்துப் பார்த்து, இன்னும் கசிகிறதா, இன்னும் கசிகிறதா என்று தடவிக்கொண்டே நிற்பாள். ஒரு நாள் ராமசாமி மண்வெட்டியோடு மேலே வந்து, அவள் கேட்காமலே கட்டுக்குள் சேர்ந்த மணலை வாரிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அதற்கடுத்த நாள் அவரோடு இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

மறுவருஷம் சோலையப்பன் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கப் பேசுவதாகச் சேதி வந்தது. மிச்சமுள்ள நூற்றுப் பத்து ஏக்கருக்கு மறுபடி மனு போட்டிருக்கிறார்களாம், மறுபடி யாரோ வந்து கேள்வி கேட்பார்களாம். பஞ்சாலைக்கு ஐம்பத்தொரு வயது. அன்றே பஸ் பிடித்து லோபாக்குக்குப் போனாள். இந்தத் தடவை வருவது பராசக்தியா வேறு யாராவதா, என்னென்ன கேட்பார்கள், எந்தெந்தக் கட்டம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் அவளால் நிம்மதியாக உட்கார முடியும்.